டோட்டல் லாஸ் தொகை குறைவு: கலிஃபோர்னியா இன்சூரன்ஸ் இலாகாவில் புகார் எழுதுவது எப்படி?

கேள்வி: ஃப்ரீமாண்ட் குமரன்

வணக்கம். 2017 டொயோட்டா சியன்னா, 78,000 மைல். சிக்னலில் நின்ற வண்டியைப் பின்னாலிருந்து இடித்ததில் டோட்டல் லாஸ் (பழுது பார்த்துப் பயனில்லை, மதிப்பைப் பணமாகத் தருவது) என்று முடிவு செய்துவிட்டார்கள். தப்பு எதிராளி மேல்தான். ஆனாலும் சீக்கிரம் முடியட்டும் என்று சொந்த இன்சூரன்ஸிலேயே கொலிஷன் கவரேஜில் (மோதல் சேதத்துக்கான காப்பீடு) க்ளெய்ம் போட்டிருக்கிறது. டிடக்டிபிள் (நாங்கள் கையிலிருந்து ஏற்கும் பங்கு) 1,000 டாலர். கம்பெனி சொல்லும் மதிப்பு 21,300. ஹேவர்ட், சான் ஹோசே டீலர்களிடம் இதே வண்டி 24,000-க்குக் கீழே கிடைக்கவில்லை. க்ளெய்மைக் கவனிக்கும் கம்பெனி ஆளான அட்ஜஸ்டரைக் கேட்டால், "சிஸ்டம் கொடுத்த நம்பர், என்னால் மாற்ற முடியாது" என்பதோடு சரி. ரென்டல் கார் வெள்ளிக்கிழமையோடு நிறுத்தமாம்.

மாநில இன்சூரன்ஸ் இலாகாவில் புகார் கொடுத்தால் பலன் உண்டா? கொடுப்பதென்றால் எதை எழுத வேண்டும்? புகார் கொடுத்ததற்காகப் பாலிசியை ரத்து செய்வார்களா? வீட்டில் எல்லோரும் எச்1பி, எச்4 விசா. அதனால் ஏதும் சிக்கல் வருமா என்றும் யோசனையாக இருக்கிறது.

பதில் 1: பழைய அட்ஜஸ்டர்

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இலாகா உங்கள் வண்டிக்கு விலை போடாது. தப்பு யார் மேல் என்றும் தீர்ப்புச் சொல்லாது. கம்பெனி விதிப்படி நடந்ததா என்று மட்டும்தான் பார்க்கும். "21,300 குறைவு, 24,000 வேண்டும்" என்று எழுதினால், "இது மதிப்பு பற்றிய தகராறு, எங்கள் அதிகாரத்தில் இல்லை" என்று கடிதம் வந்து கோப்பு மூடப்படும். பாதிப் புகார்கள் இங்கேதான் விழுகின்றன. அந்த 21,300-ஐ எந்த விதியை மீறி எட்டினார்கள் என்று காட்டினால் கதையே வேறு.

அந்த விதி கலிஃபோர்னியா ஒழுங்குமுறை விதித் தொகுப்பு டைட்டில் 10, செக்‌ஷன் 2695.8. டோட்டல் லாஸுக்கென்றே எழுதப்பட்டது. உங்களுக்குத் தேவையான பகுதி இவ்வளவுதான்:

ஒப்பிடும் வண்டி அதே தயாரிப்பாளர், அதே மாடல், ஒத்த பாடி, ஒத்த வசதிகள், ஒத்த மைலேஜ் உள்ளதாக இருக்க வேண்டும். உங்கள் வட்டாரச் சந்தையில் கடந்த 90 நாளுக்குள் பொதுமக்கள் வாங்கக் கிடைத்திருக்க வேண்டும். டீலர் கேட்கும் விலையையும் எடுத்துக்கொள்ளலாம், விற்ற விலையையும் எடுத்துக்கொள்ளலாம். ஒப்பீட்டு வண்டிக்கும் உங்கள் வண்டிக்கும் உள்ள வித்தியாசத்துக்காகக் கூட்டினாலும் கழித்தாலும் அது கண்ணுக்குத் தெரிவதாகவும், அளக்கக்கூடியதாகவும், தனித்தனியாகப் பட்டியலிட்டதாகவும் இருக்க வேண்டும். டாலர் அளவும் நியாயமாக இருக்க வேண்டும். ஆதாரம் காட்ட முடியாத கழிவு செல்லாது. இதையெல்லாம் தொகையைச் சொல்லும்போதே எழுத்தில் விளக்கியிருக்க வேண்டும். "சிஸ்டம் கொடுத்தது" என்பது விளக்கம் ஆகாது.

ஆகவே இன்றைக்கே ஈமெயிலில் முழு மதிப்பீட்டு அறிக்கையைக் கேளுங்கள். ஒரு பக்கச் சுருக்கத்தைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். பொதுவாகப் பத்துப் பக்கத்துக்கு மேல் இருக்கும் பிடிஎஃப் அது. உங்கள் கடிதத்துக்கு 15 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று 2695.5 சொல்கிறது. ஃபோனில் கேட்டால் அந்தக் கெடுவுக்குச் சாட்சி கிடையாது.

அறிக்கை கைக்கு வந்ததும் பார்க்க வேண்டியவை: ட்ரிம், அதாவது மாடலுக்குள் உள்ள வசதி ரகம், சரியா (வண்டியின் அடையாள எண்ணான வின் நம்பரைப் போட்டுச் சரிபாருங்கள்), மைலேஜ் சரியா, வசதிகள் விடுபட்டிருக்கின்றனவா, ஒப்பீட்டு வண்டிகள் எந்த ஊரில் நிற்கின்றன, "கண்டிஷன்" என்ற பெயரில் எவ்வளவு கழித்திருக்கிறார்கள். கடைசியாகச் சொன்னதுதான் பெரும்பாலும் பிரச்சினை. டீலரிடம் நிற்கும் வண்டியெல்லாம் மெருகேற்றியது, உங்களுடையது சராசரி என்று அனுமானித்துக்கொண்டு, யாரும் போய்ப் பார்க்காமலேயே எல்லா ஒப்பீட்டு வண்டியிலும் ஒரே தொகையைக் கழித்திருப்பார்கள்.

பாலிசி ரத்து பற்றி: 60 நாளுக்கு மேல் நடப்பில் உள்ள கார் பாலிசியை நடுவில் ரத்து செய்ய, பிரீமியம் கட்டாதது, லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆனது, மோசடி, உண்மையை மறைத்தது என்று கலிஃபோர்னியா இன்சூரன்ஸ் சட்டம் செக்‌ஷன் 661-ல் குறிப்பிட்ட காரணங்கள்தான் உண்டு. இலாகாவில் புகார் கொடுத்தது அதில் இல்லை. உங்கள் தப்பு இல்லாத விபத்துக்காகப் பிரீமியத்தை ஏற்றவும் கூடாது. விசாவுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இது வாடிக்கையாளர் புகார், அவ்வளவுதான்.

பதில் 2: சன்னிவேல் வாசகி

அறிக்கை வருவதற்குள் கைப்பணத்தைக் காப்பாற்றும் வேலைகள் சில இருக்கின்றன.

வண்டி இன்னும் டோ யார்டில் (இழுத்துப் போய் நிறுத்தும் இடம்) நிற்கிறதா? அங்கே ஒவ்வொரு நாளும் வாடகை ஏறும். கம்பெனி "எங்கள் யார்டுக்கு எடுத்துப் போகிறோம்" என்று கேட்டால் மறுக்காதீர்கள். மறுத்தால் அதற்குமேல் ஏறும் வாடகை உங்கள் தலையில் விழலாம். வண்டியைக் கொடுப்பதால் தொகையை ஒப்புக்கொண்டதாக ஆகாது. கொடுப்பதற்கு முன் உள்ளே, வெளியே, டயர், ஓடோமீட்டர் எல்லாவற்றையும் ஃபோட்டோ எடுங்கள். கண்டிஷன் கழிவை எதிர்க்க இந்தப் படங்கள்தான் ஆதாரம். சுங்கக் கட்டணத்துக்கான ஃபாஸ்ட்ராக் டேகைக் கழற்ற மறக்காதீர்கள்.

குழந்தை சீட் வண்டியில் இருந்ததா? விபத்து நேரத்தில் உபயோகத்தில் இருந்த சீட்டுக்குப் புதுச் சீட்டோ அதன் விலையோ தர வேண்டும், செக்‌ஷன் 11580.011. சீட் இருந்ததா என்று அவர்களே கேட்க வேண்டியது. கேட்பதில்லை என்பதுதான் நடைமுறை.

ரென்டல்: உங்கள் பாலிசியில் எத்தனை நாள், ஒரு நாளுக்கு எவ்வளவு என்று பாலிசியின் விவரச் சுருக்கமான டிக்ளரேஷன்ஸ் பக்கத்தில் இருக்கும். நாள் மிச்சமிருந்தும் தொகை சொல்லிவிட்ட காரணத்தால் நிறுத்துகிறார்கள் என்றால், பாலிசியில் எந்த வரிப்படி நிறுத்துகிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கவரேஜ் தீர்ந்த பிறகு ஆகும் வாடகையை எதிராளியின் இன்சூரன்ஸிடம் தனியாகக் கேட்கலாம், ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

இன்னொன்று. 21,300 என்பது வரிக்கு முன்னா, பின்னா? வரியும், வண்டி பெயர் மாற்றும் ஒருமுறைக் கட்டணங்களும், நடப்பு ரெஜிஸ்ட்ரேஷனில் மிச்சமுள்ள காலத்துக்கான கட்டணமும் செட்டில்மென்டில் சேர வேண்டும் என்று அதே 2695.8 சொல்கிறது. மாநிலத்தின் குறைந்தபட்ச விற்பனை வரி 7.25 சதவீதம் என்று வைத்தாலே 21,300-க்கு 1,544 டாலர். உங்கள் ஊர் விகிதம் அதைவிடக் கூடுதல். ரெஜிஸ்ட்ரேஷன் பாக்கியை மட்டும் பலர் விட்டுவிடுகிறார்கள்.

குமரன்

இருவருக்கும் நன்றி. முழு அறிக்கை வந்துவிட்டது, 14 பக்கம். நான்கு ஒப்பீட்டு வண்டிகள்: 23,400, 22,900, 22,600, 22,300. நான்கிலும் "கண்டிஷன்" என்று 1,150 கழித்திருக்கிறார்கள். மைலேஜுக்குச் சராசரியாக 350 கழிவு. பழைய அட்ஜஸ்டர் அண்ணா சொன்னது அப்படியே இருக்கிறது. இரண்டு வண்டி சாக்ரமென்டோவில் நிற்கின்றன. முக்கியமாக, எங்களுடையது எக்ஸ்.எல்.ஈ. ட்ரிம், லெதர் சீட். அறிக்கையில் அதைவிடக் கீழ் ரகமான எல்.ஈ. என்று போட்டிருக்கிறார்கள்! 21,300 வரிக்கு முந்தைய தொகை. ரெஜிஸ்ட்ரேஷன் பற்றிப் பேச்சே இல்லை. இனி நேரே இலாகாவுக்குப் போய்விடவா?

பதில் 3: பழைய அட்ஜஸ்டர்

கொஞ்சம் பொறுங்கள். முதலில் கம்பெனிக்கு ஒரு கடிதம். இலாகாவுக்குப் போக அது கட்டாயமில்லை, ஆனால் இல்லாமல் போனால் "எங்களிடம் சொல்லவே இல்லையே, சொன்னதும் திருத்திவிட்டோம்" என்று தப்பித்துவிடுவார்கள். ட்ரிம் தப்பு மாதிரி விஷயம் கடிதத்திலேயே சரியாகிவிட வாய்ப்பு அதிகம்.

கணக்கைப் பாருங்கள். நான்கு வண்டியின் சராசரி 22,800. அதில் 1,150 போனால் 21,650. மைலேஜ் 350 போனால் 21,300. கண்டிஷன் கழிவை நீக்கினாலே 22,450 ஆகிவிடும். அதுவும் எல்.ஈ. வண்டிகளின் விலை. எக்ஸ்.எல்.ஈ.யை வைத்து ஒப்பிட்டால் இன்னும் ஏறும். மைலேஜ் கழிவை விட்டுவிடுங்கள். அது பட்டியலிட்டது, அளக்கக்கூடியது. எல்லாவற்றோடும் சண்டை போட்டால் வலுவான இரண்டு குறையும் கூட்டத்தில் காணாமல் போகும். சாக்ரமென்டோ விஷயத்தையும் ஒரு வரிக்கு மேல் நீட்ட வேண்டாம். நம் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் எக்ஸ்.எல்.ஈ. கிடைக்கும்போது ஏன் அவ்வளவு தூரம் போனார்கள் என்று கேட்டால் போதும்.

கடிதத்தோடு ஹேவர்ட், சான் ஹோசே விளம்பரங்கள் மூன்று அல்லது நான்கை வையுங்கள். ஒவ்வொன்றிலும் தேதி, டீலர் பெயர், ஸ்டாக் நம்பர், வின், மைலேஜ், ட்ரிம், விலை தெரிய வேண்டும். லிங்க் அனுப்பாதீர்கள், வண்டி விற்றதும் பக்கம் போய்விடும். பிடிஎஃப்பாக எடுத்து வையுங்கள். இணையத்தில் விலை மதிப்பிட்டுச் சொல்லும் தளங்களின் எண்ணை மட்டும் காட்டினால் எடுபடாது. விதி கேட்பது நிஜமாக விற்பனைக்கு நின்ற வண்டியை.

"தகராறு இல்லாத 21,300-ஐ வரியோடு இப்போதே கொடுங்கள், மீதி பற்றிய தகராறு தொடர்கிறது" என்றும் எழுதுங்கள். ஒப்புக்கொண்ட தொகையை 30 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும் என்று 2695.7 சொல்கிறது. கையெழுத்துக்கு வரும் காகிதத்தில் "முழுமையான, இறுதியான தீர்வு" என்ற மாதிரி வாசகம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். பிங்க் ஸ்லிப் (வண்டியின் உரிமைப் பத்திரம்) மாற்றும் காகிதம் வேறு, உரிமையை விட்டுக்கொடுக்கும் ரிலீஸ் வேறு.

பதினைந்து நாளில் பதில் இல்லை, அல்லது மறுத்துவிட்டார்கள் என்றால் அப்போது இலாகா. நடைமுறை இது:

புகாருக்கு அங்கே பெயர் ரிக்வெஸ்ட் ஃபார் அசிஸ்டன்ஸ். இலாகாவின் இணையதளத்தில் கணக்குத் திறந்து போடலாம், காகிதத்தில் தபாலிலும் அனுப்பலாம். கட்டணம் கிடையாது. சந்தேகத்துக்கு 1-800-927-4357. கம்பெனியின் பெயரில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். விளம்பரத்தில் வரும் பெயர் ஒன்று, பாலிசி எழுதிய சட்டபூர்வக் கம்பெனி வேறொன்று. ஒரே குழுமத்தில் நாலைந்து இருக்கும். வண்டியில் வைத்திருக்கும் இன்சூரன்ஸ் கார்டில் சரியான பெயரும் என்ஏஐசி நம்பரும் (கம்பெனியின் அடையாள எண்) இருக்கும். அதை அப்படியே போடுங்கள். பாலிசி நம்பர், க்ளெய்ம் நம்பர், விபத்துத் தேதி, அட்ஜஸ்டர் பெயர் என மற்றதெல்லாம் சாதாரணம்.

விவரம் எழுதும் இடத்தில் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஆங்கிலத்தில் எழுதும்போது சாரம் இப்படி இருக்கட்டும்:

"மதிப்பீட்டு அறிக்கையில் என் வண்டி எல்.ஈ. என்று தவறாகக் குறிக்கப்பட்டுள்ளது. வின் படி எக்ஸ்.எல்.ஈ. (இணைப்பு 1). ஒப்பீட்டு வண்டிகள் நான்கிலும் ஒரே அளவாக 1,150 டாலர் கண்டிஷன் கழிவு உள்ளது. எந்த வண்டியில் என்ன குறை, எப்படி அளந்தார்கள் என்ற விவரம் இல்லை (இணைப்பு 2). ரெஜிஸ்ட்ரேஷன் கட்டணப் பாக்கி சேர்க்கப்படவில்லை. இந்தத் தேதியில் எழுத்தில் கேட்டேன் (இணைப்பு 3), விளக்கம் வரவில்லை. 2695.8 படி கழிவுக்கான ஆதாரத்தைக் காட்டவோ, கழிவை நீக்கித் தொகையைத் திருத்தவோ கம்பெனிக்கு உத்தரவிடக் கேட்டுக்கொள்கிறேன்."

இவ்வளவு போதும். அட்ஜஸ்டர் மரியாதையில்லாமல் பேசினார், எத்தனை வருடமாகப் பிரீமியம் கட்டுகிறோம் என்பதெல்லாம் வாசிக்கும் அதிகாரிக்குக் களைப்பு. விபத்து ஃபோட்டோ அறுபது இணைப்பதும் அப்படித்தான். உங்கள் தகராறு இடியைப் பற்றியதே அல்ல.

போட்ட பிறகு ஒரு கோப்பு எண்ணும் ஓர் அதிகாரியும் கிடைப்பார். புகாரின் நகல் கம்பெனிக்குப் போகும். இலாகா கேட்ட கேள்விக்கு அவர்கள் 21 நாளுக்குள் முழுப் பதில் சொல்ல வேண்டும். பலன் உண்டா என்று கேட்டீர்களே, அது இந்த இடத்தில்தான். கோப்பு உங்கள் அட்ஜஸ்டர் மேஜையிலிருந்து, இலாகாவுக்குப் பதில் எழுதுவதற்கென்றே கம்பெனியில் இருக்கும் தனிப் பிரிவுக்குப் போகும். "சிஸ்டம் கொடுத்தது" என்று அவர்களால் இலாகாவுக்கு எழுத முடியாது. நியாயமானவை என்று முடிவான புகார்களைக் கம்பெனி வாரியாக இலாகா வெளியிடுவதும் அவர்களுக்குத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை: வக்கீல் வைத்து வழக்குப் போட்டுவிட்டால் இலாகா பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்ளும். புகார் முதலில், கோர்ட் பிறகு.

பதில் 4: டப்ளின் ராகவி

இடையில் ஒரு சந்தேகம். ஆபீஸ் மெடிக்கல் இன்சூரன்ஸில் ஸ்கேனுக்கு அனுமதி மறுத்திருக்கிறார்கள். அதற்கும் இதே இலாகாதானா?

பதில் 5: சன்னிவேல் வாசகி

பெரும்பாலும் இல்லைங்க ராகவி. எச்ஆரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தத் திட்டம் செல்ஃப் ஃபண்டடா, இல்லை ஃபுல்லி இன்ஷூர்டா? பெரிய டெக் கம்பெனிகளில் பல செல்ஃப் ஃபண்டட். கார்டில் இன்சூரன்ஸ் கம்பெனி பெயர் இருந்தாலும் பணம் உங்கள் எம்ப்ளாயருடையது. அதை ஆள்வது எரிசா என்ற மத்தியச் சட்டம். மாநில இலாகா தொட முடியாது. திட்டத்துக்குள்ளேயே அப்பீல், பிறகு மத்தியத் தொழிலாளர் துறையின் எப்சா பிரிவு, 1-866-444-3272.

ஃபுல்லி இன்ஷூர்ட் (இன்சூரன்ஸ் கம்பெனியே பணம் கொடுப்பது) என்றால் கலிஃபோர்னியாவில் இரண்டு கதவு. எச்எம்ஓ (குறிப்பிட்ட மருத்துவர் குழுவுக்குள் சிகிச்சை தரும் திட்டம்) உட்படப் பெரும்பாலான திட்டங்கள் இன்சூரன்ஸ் இலாகாவிடம் இல்லை. மேனேஜ்டு ஹெல்த் கேர் துறையிடம், அதாவது டிஎம்எச்சியிடம், 1-888-466-2219. மீதி இன்சூரன்ஸ் இலாகா. "மருத்துவ ரீதியில் தேவையில்லை" என்று மறுத்திருந்தால் சாதாரணப் புகாராகப் போடாமல் இன்டிபென்டன்ட் மெடிக்கல் ரிவ்யூ கேளுங்கள். வெளி மருத்துவர்கள் பார்த்து முடிவு சொல்வார்கள், கட்டணம் இல்லை, முடிவு திட்டத்தைக் கட்டுப்படுத்தும். அதற்கு முன் திட்டத்திடமே முறையீடு போட்டு 30 நாள் பார்க்க வேண்டும். உயிருக்கு அவசரம் என்றால் அந்தக் காத்திருப்பு வேண்டாம். உங்கள் டாக்டரிடம், இந்த ஸ்கேன் ஏன் வேண்டும், மாற்றாக அவர்கள் சொல்லும் பரிசோதனை ஏன் போதாது என்று கடிதம் வாங்கி இணையுங்கள்.

விரிவாகப் பேச வேண்டுமென்றால் தனி இழை தொடங்குங்களேன். இது குமரன் வண்டியோடு ஓடட்டும்.

குமரன்

கடிதம் அனுப்பியாயிற்று. பதில் வந்திருக்கிறது: ட்ரிம்மைத் திருத்தி எக்ஸ்.எல்.ஈ. வண்டிகளை வைத்து 22,650, ரெஜிஸ்ட்ரேஷன் பாக்கியும் சேர்த்தார்கள். கண்டிஷன் கழிவு மட்டும் அப்படியே. "இதுதான் இறுதி" என்கிறார்கள். கூடவே ஒரு தாளில் 35 நாள் பற்றி ஏதோ போட்டிருக்கிறது, புரியவில்லை.

பதில் 6: பழைய அட்ஜஸ்டர்

அந்தத் தாளைத் தொலைக்காதீர்கள், கையில் இருப்பதிலேயே நல்ல துருப்பு அது.

சொந்த இன்சூரன்ஸில் டோட்டல் லாஸ் என்றால், செக்கையோ இறுதித் தொகையையோ பெற்ற 35 நாளுக்குள், "இந்தத் தொகைக்கு ஒப்பான வண்டி கிடைக்கவில்லை" என்று நீங்கள் தெரிவித்தால் கம்பெனி க்ளெய்மைத் திரும்பத் திறக்க வேண்டும். திறந்தபின் அவர்கள் முன் உள்ள வழிகள்: அந்தத் தொகைக்குள் ஒப்பான வண்டியை அவர்களே கண்டுபிடித்துக் காட்டுவது, நீங்கள் கண்டுபிடித்த ஒப்பான வண்டிக்கு ஆகும் வித்தியாசத்தைக் கொடுப்பது அல்லது அதை அவர்களே பேசி வாங்கித் தருவது, பாலிசியில் உள்ள அப்ரைசல் பிரிவின்படி முடிப்பது. இங்கே தொகை என்றால் டிடக்டிபிள் கழிப்பதற்கு முந்தையது. அதனால் 1,000-ஐக் கழித்துவிட்டுப் போதவில்லை என்று வாதிடாதீர்கள்.

இதில் ஒரு ஓட்டை உண்டு. இறுதித் தொகையைச் சொன்னபோதே, அந்த விலைக்கு லைசென்ஸ் பெற்ற டீலரிடம் நிற்கும் குறிப்பிட்ட ஒரு வண்டியை வின்னோ ஸ்டாக் நம்பரோ போட்டு எழுத்தில் காட்டியிருந்தால் திரும்பத் திறக்க வேண்டியதில்லை. கடிதத்தில் அப்படி வண்டி ஏதும் இருக்கிறதா பாருங்கள். ஒப்பீட்டுப் பட்டியலில் ஏற்கெனவே விற்றுப்போன வண்டி அதற்குச் சமம் ஆகாது.

ஆக, இரண்டையும் சேர்த்துச் செய்யுங்கள். வாங்கத் தயாராக இருக்கும் ஒரு எக்ஸ்.எல்.ஈ.யைத் தேர்ந்து, டீலரிடம் கையெழுத்திட்ட விலைத்தாள் வாங்கி, 35 நாளுக்குள் ஈமெயிலிலும் சர்ட்டிஃபைடு தபாலிலும் அனுப்புங்கள். இலாகா புகாரைக் கண்டிஷன் கழிவு ஒன்றை மட்டும் வைத்துப் போடுங்கள். மற்ற இரண்டும் தீர்ந்துவிட்டன, எடுத்துவிடுங்கள். இலாகா பார்த்துக்கொண்டிருக்கிறது என்று அந்த 35 நாள் நிற்காது.

அப்ரைசல் வரை போனால்: நீங்கள் ஒரு மதிப்பீட்டாளர், அவர்கள் ஒருவர், இருவரும் ஒத்துவராவிட்டால் நடுவர் ஒருவர். உங்கள் ஆள் கூலி உங்களுடையது, நடுவர் கூலி பாதிப்பாதி. எல்லாப் பாலிசியிலும் இந்தப் பிரிவு இருக்காது, படித்துப் பாருங்கள். பாக்கி ஆயிரத்துச் சொச்சம்தான் என்றால் கூலியே தின்றுவிடும். அதற்குச் சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் க்ளெய்ம்ஸ் கோர்ட் மேல்; தனி நபருக்கு 12,500 டாலர் வரை, வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம்.

பதில் 7: சன்னிவேல் வாசகி

டிடக்டிபிளையும் விட்டுவிடாதீர்கள் குமரன். எதிராளியின் கம்பெனியிடம் உங்கள் கம்பெனி பணம் கேட்டுப் போகும்போது உங்கள் 1,000-ஐயும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். வசூலானதை விகிதப்படி உங்களுக்குத் தர வேண்டும். 2695.7-லேயே இருக்கிறது. அது மாதக்கணக்கில் இழுக்கும். அப்படி வசூலிக்கும் சப்ரகேஷன் பிரிவின் ஈமெயில் முகவரியை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். க்ளெய்ம் மூடியபின் அட்ஜஸ்டரைப் பிடிப்பது கஷ்டம்.